பழைய கோல்ட் விங்: எந்தத் தலைமுறை, எந்த டயர்? அறிகுறி வழியே ஒரு பிழை நீக்கும் வழிமுறை

ஹோண்டா கோல்ட் விங் 1975-ஆம் ஆண்டு மாடலிலிருந்து இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது. நெடுந்தூரப் பயணத்துக்கென்றே பிறந்த மோட்டார் சைக்கிள். நன்றாகப் பராமரித்தால் பல கைகள் மாறியும் ஓடும். அப்படிக் கை மாறி வரும் வண்டியில்தான் டயர் சிக்கல் தொடங்குகிறது. வாங்கியவர் பழைய டயரில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணில் புது டயர் வாங்கி மாட்டிவிடுகிறார். முந்தைய உரிமையாளர் சரியான டயரைத்தான் போட்டிருந்தார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? முதலில் வண்டி எந்தத் தலைமுறை என்று உறுதி செய்யுங்கள். டயர் அதற்கு அடுத்த வேலை. கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியையும் அந்த வரிசையில்தான் அணுகியிருக்கிறேன்.

பதிவுச் சான்றிதழில் உள்ள ஆண்டும் வண்டியும் ஒத்துப்போகவில்லை

இது பெரும்பாலும் மோசடி அல்ல. ஒரு மாடல் ஆண்டுக்குரிய வண்டி அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே விற்பனைக்கு வந்துவிடும். சில வண்டிகள் விற்காமல் ஷோரூமில் ஓரிரு ஆண்டுகள் நின்று பிறகு பதிவாகும். இன்னொரு நாட்டுக்கு இறக்குமதியான வண்டிக்கு, அங்கே பதிவான ஆண்டையே பிறந்த ஆண்டாக எழுதிவிடுவதும் உண்டு. எனவே சான்றிதழை ஓரமாக வைத்துவிட்டு வண்டியைப் பாருங்கள்.

முன்னால் குனிந்து, எஞ்சினின் ஒரு பக்கத்தில் எத்தனை சிலிண்டர் என்று எண்ணுங்கள். கோல்ட் விங் எஞ்சின் படுக்கை வாட்டத்தில் இருபுறமும் நீட்டிக்கொண்டிருப்பதால் இது எளிது. பக்கத்துக்கு இரண்டு என்றால் ஜிஎல்1000, ஜிஎல்1100, ஜிஎல்1200 ஆகியவற்றில் ஒன்று. அதாவது 1987 வரையிலான வண்டி. பக்கத்துக்கு மூன்று என்றால் 1988-இல் வந்த ஜிஎல்1500 அல்லது அதற்குப் பிந்தையது.

அடுத்தது சேஸிஸ் எண். ஹேண்டில்பாரை இடதுபுறம் முழுவதுமாகத் திருப்பி, ஸ்டியரிங் கழுத்தின் வலப்பக்கத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெயும் புழுதியும் படிந்து எழுத்து தெரியாது. துணியில் சிறிது மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பொறித்த எழுத்துகள் நிழல் விழுந்து எழும்பி வரும். 1981 முதல் வந்தவற்றில் மொத்தம் 17 எழுத்துகளும் எண்களும் இருக்கும். அதற்கு முந்தைய ஜிஎல்1000-இல் சேஸிஸ் எண் 'ஜிஎல்1' என்றே தொடங்கும், எண்ணும் குட்டையாக இருக்கும்.

17 இலக்க எண்ணில், தொடக்க மூன்று எழுத்துகளுக்கு அடுத்து வருவதே நமக்கு வேண்டியது. எஸ்சி02 என்றால் ஜிஎல்1100, எஸ்சி14 என்றால் ஜிஎல்1200, எஸ்சி22 என்றால் ஜிஎல்1500. எஸ்சி47 என்றால் 2001-இல் தொடங்கிய ஜிஎல்1800. 2018-இல் முற்றிலும் மாறி வந்த வண்டிக்கு எஸ்சி79. இந்தக் குறியீடு தெரிந்துவிட்டால் தலைமுறை பற்றிய விவாதம் முடிந்துவிடும்.

பத்தாவது இடத்தில் இருக்கும் எழுத்து மாடல் ஆண்டைச் சொல்லும் என்பார்கள். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் தயாரான வண்டிகளில் அது உண்மை. மற்ற நாடுகளுக்குத் தயாரானவற்றில் அந்த இடத்துக்கு அப்படிக் கட்டாயம் கிடையாது, ஆகவே அதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். இன்னொரு கண்ணியும் இருக்கிறது. இந்த ஆண்டு எழுத்துகள் 30 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. 'ஜே' என்ற எழுத்து 1988-ஐயும் குறிக்கும், 2018-ஐயும் குறிக்கும். கோல்ட் விங்கில் அவ்விரண்டுமே புதிய தலைமுறை அறிமுகமான ஆண்டுகள்! எஸ்சி22-ஆ எஸ்சி79-ஆ என்று சேர்த்துப் படித்தால் குழப்பமில்லை.

கண்ணால் உறுதிப்படுத்த மேலும் இரண்டு அடையாளங்கள். ஜிஎல்1500-இன் பின் சக்கரத்தை இரண்டு பக்கமும் ஸ்விங் ஆர்ம் தாங்கும். 2001 முதல் வந்த ஜிஎல்1800-இல் ஒரு பக்க ஸ்விங் ஆர்ம் மட்டுமே, கார் சக்கரம்போல நட்டுகளைக் கழற்றினால் சக்கரம் வெளியே வந்துவிடும். 2018 வண்டியில் வழக்கமான ஃபோர்க் இல்லை, கார்களில் இருப்பதைப்போன்ற இரட்டை விஷ்போன் அமைப்பு முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும்.

தலைமுறை தெரிந்துவிட்டது, ஆனால் மாட்டியிருக்கும் டயரின் அளவு பொருந்தவில்லை

இப்போது ஒவ்வொரு தலைமுறைக்கும் தொழிற்சாலையில் போட்டு அனுப்பிய அளவு என்ன என்று பார்ப்போம்.

ஜிஎல்1000-க்கு முன்னால் 3.50-19, பின்னால் 4.50-17 என்ற பழைய அங்குலக் கணக்கு. ஜிஎல்1100-இல் மிகுந்த கவனம் வேண்டும். 1980 முதல் 1982 வரை முன்னால் 110/90-19, பின்னால் 130/90-17 (முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில், இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரம் எத்தனை சதவீதம், கடைசி ரிம்மின் விட்டம் அங்குலத்தில்). அதே ஜிஎல்1100-இன் கடைசி ஆண்டான 1983-இல் சக்கரமே மாறிவிட்டது: முன்னால் 120/90-18, பின்னால் 140/90-16. பெயர்ப் பலகையில் ஒரே எண், சக்கரத்தில் வேறு அளவு. 'ஜிஎல்1100 டயர்' என்று மட்டும் சொல்லிக் கேட்டால் தவறான ஜோடி வந்து சேரும். ஜிஎல்1200-இல் சக்கரம் இன்னும் சிறிதாகி, முன்னால் 130/90-16, பின்னால் 150/90-15 ஆனது.

ஜிஎல்1500-க்கு முன்னால் 130/70-18, பின்னால் 160/80-16. ஜிஎல்1800-க்கு 2001 முதல் 2017 வரை முன்னால் 130/70 ஆர் 18, பின்னால் 180/60 ஆர் 16. 2018 முதல் முன்னால் அதே 130/70 ஆர் 18, பின்னால் 200/55 ஆர் 16.

இதே குடும்பத்தில் பிறந்து வேறு சக்கரம் போட்டவையும் உண்டு. ஜிஎல்1500-இன் எஞ்சினை வைத்து 1997-இல் வந்த வால்கிரிக்கு முன்னால் 150/80 ஆர் 17, பின்னால் 180/70 ஆர் 16. எஞ்சினைப் பார்த்து '1500 வண்டிதானே' என்று கோல்ட் விங் டயரை வாங்கினால் முன்சக்கர ரிம்மில் ஏறவே ஏறாது, அங்குலமே வேறு.

மாட்டியிருக்கும் டயர் இந்த அளவுகளில் சேரவில்லையென்றால் ரிம்மைப் பாருங்கள். வார்ப்பு அலாய் ரிம்மின் ஆரத்திலோ விளிம்பின் உட்புறத்திலோ அதன் விட்டமும் அகலமும் அங்குலத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். ரிம் அசல், டயர்தான் வேறு என்றால் தொழிற்சாலை அளவுக்கே திரும்பிவிடுங்கள். ரிம்மே வேறு வண்டியுடையது என்றால், டயர் வாங்குவதை நிறுத்திவிட்டு அந்தச் சக்கரம், ஆக்சில், பிரேக் டிஸ்க் எல்லாம் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கின்றன என்று தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

எண் ஒன்றுதான், ஆனால் கடையில் இரண்டு விதமான முன் டயர்களைக் காட்டுகிறார்கள்

நான் மிக முக்கியமாகக் கருதும் இடம் இது. மேலே உள்ள அளவுகளை மறுபடி பாருங்கள். ஜிஎல்1500, ஜிஎல்1800, 2018 வண்டி மூன்றுக்கும் முன்சக்கரத்தில் 130, 70, 18 என்ற அதே மூன்று எண்கள். நடுவில் இருப்பது மட்டும் வேறு. ஜிஎல்1500-க்கு இடைக்கோடு. ஜிஎல்1800-க்கு 'ஆர்' என்ற எழுத்து.

இடைக்கோடு இருந்தால் அது பயஸ் பிளை டயர்: உள்ளிருக்கும் நூலிழைகள் குறுக்குமறுக்காக ஒன்றன்மேல் ஒன்று போகும். 'ஆர்' இருந்தால் ரேடியல்: இழைகள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராகப் போய், மேலே பட்டைகள் சுற்றியிருக்கும். சில டயர்களில் 'பி' என்ற எழுத்து வரும், அது பயஸ் அமைப்பின் மேல் பட்டை சுற்றியது. ரேடியலின் பக்கச்சுவர் எளிதில் வளையும், அதிகம் சூடாகாது. பயஸின் பக்கச்சுவர் விறைப்பாக நிற்கும். வண்டியின் சஸ்பென்ஷனும் சேஸிஸும் இதில் ஏதாவது ஒன்றை மனதில் வைத்தே வடிவமைக்கப்பட்டிருக்கின்றன.

முன்னால் ரேடியலும் பின்னால் பயஸுமாக, அல்லது அதற்கு நேர்மாறாக, கலந்து போட்டால் முன்னும் பின்னும் வெவ்வேறு விதமாக நெளியும். நேர்ச் சாலையில் உடனே தெரியாது. வேகத்தில் தடம் மாறும்போதும், நீண்ட வளைவில் சாலை மேடு குறுக்கிடும்போதும் வண்டி தயங்கித் தள்ளாடும். புதிதாக வாங்கிய ஜிஎல்1500 'எண் சரியாக இருந்தும் ஓட்டம் சரியில்லை' என்றால், முதலில் இந்தக் கலப்பைத் தேடுங்கள். டயர் தயாரிப்பாளர் தன் பொருத்த அட்டவணையில் ஒரு ஜோடியைப் பெயர் சொல்லி அனுமதித்திருந்தாலொழிய, முன்னும் பின்னும் ஒரே அமைப்பு, ஒரே நிறுவனம், ஒரே வரிசை என்பதே என் பரிந்துரை.

பின் டயரில் எண்ணே வேறு என்பதால் குழப்பம் குறைவு. ஆனாலும் 'கொஞ்சம் அகலமாகப் போட்டால் அழகு' என்று 160-க்குப் பதில் 180 போட்டவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 160/80-16-இன் பக்கச்சுவர் உயரம் 160-இல் 80 சதவீதம், அதாவது 128 மில்லிமீட்டர். 16 அங்குல ரிம் 406 மில்லிமீட்டர். மேலும் கீழும் சேர்த்து மொத்த விட்டம் ஏறத்தாழ 662. 180/60 ஆர் 16-க்கு பக்கச்சுவர் 108, மொத்தம் 622. விட்டத்தில் 40 மில்லிமீட்டர் குறைகிறது. வண்டியின் பின்பகுதி 20 மில்லிமீட்டர் தாழ்ந்துவிடும். சாயும்போது அடிப்பாகம் சாலையில் முன்கூட்டியே உரசும், அதே வேகத்துக்கு எஞ்சின் 6 சதவீதம் கூடுதலாகச் சுழலும், ஸ்டியரிங் கோணம் மாறும். அழகு மட்டும் மிஞ்சும்.

வேகம் குறையும்போது ஹேண்டில்பார் நடுங்குகிறது

கோல்ட் விங் உரிமையாளர்களிடையே நன்கு அறியப்பட்ட தொல்லை. ஆக்சிலேட்டரை விட்டபின் வண்டி மணிக்கு 70 கிலோமீட்டரிலிருந்து 50-க்கு இறங்கும் இடைவெளியில், பிடி தளர்ந்திருந்தால் ஹேண்டில்பார் இடதும் வலதுமாக உதறும். இதைச் சோதிக்க இரண்டு கைகளையும் எடுத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். பிடியை லேசாக்கினாலே தெரிந்துவிடும்.

முதலில் காற்றழுத்தம். ஜிஎல்1800-க்கு முன்னால் 36, பின்னால் 41 பிஎஸ்ஐ. வண்டி குளிர்ந்திருக்கும்போது அளந்த கணக்கு இது. ஓட்டி வந்து சூடான டயரில் அளந்தால் எண் கூடுதலாகக் காட்டும், அதை நம்பிக் காற்றைத் திறந்துவிட்டால் மறுநாள் காலையில் அழுத்தம் குறைந்திருக்கும். மற்றத் தலைமுறைகளுக்கு வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ உள்ளதைப் பின்பற்றுங்கள். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது டயர் தாங்கும் உச்ச அழுத்தம், உங்கள் வண்டிக்கான பரிந்துரை அல்ல.

அழுத்தம் சரியாக இருந்தும் நடுக்கம் நிற்கவில்லையா? வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து, சுழலும் திசையில் ஒருமுறையும் எதிர்த்திசையில் ஒருமுறையும் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகப் போய், மறு திசையில் ஒவ்வொரு பட்டனின் விளிம்பும் ரம்பத்தின் பல்போலக் கையில் இடறினால், டயர் குழி குழியாகத் தேயத் தொடங்கிவிட்டது. இத்தகைய டயர் வளைவில் சாயும்போது 'உம்ம்' என்று உறுமும். காற்றுக் குறைவாக ஓட்டியதும், தளர்ந்த ஃபோர்க்கும், பேலன்ஸ் செய்யாத சக்கரமும் இதற்குக் காரணமாகின்றன. குழி விழுந்த டயரைத் திருத்த வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

டயரை மாற்றி, பேலன்ஸும் செய்தபிறகு நடுக்கம் திரும்பினால், அது டயரின் குற்றமல்ல. ஸ்டியரிங் கோன் செட், அதாவது ஸ்டியரிங் கழுத்தில் இருக்கும் பேரிங்குகள், தளர்ந்திருக்கும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவைத்து, ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் 'டக்' என்ற அசைவு உணரப்படும். பேரிங்கில் பள்ளம் விழுந்திருந்தால், ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் தட்டி நிற்கும். இறுக்கினால் போதுமா, மாற்ற வேண்டுமா என்பதை அந்தத் தட்டலே சொல்லிவிடும்: தட்டினால் மாற்றுங்கள். இதைச் செய்யாமல் வெறும் டயரை மட்டும் மாற்றினால், புதுத் தடிப்பு கொஞ்ச நாள் நடுக்கத்தை மறைத்துவைக்கும், பிறகு அந்தப் புது டயரும் குழி விழும்.

நெடுஞ்சாலை வேகத்தில் பின்பகுதி மிதந்து ஆடுகிறது

இது முன்பக்க உதறலைவிட மெதுவான ஆட்டம். வண்டி முழுவதும் பாம்புபோல நெளியும். பின் பெட்டியில் இருக்கும் சுமையை முதலில் இறக்குங்கள். மேல் பெட்டி பின் ஆக்சிலுக்குப் பின்னால் தொங்குவதால் அதில் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தின் பிடியைக் குறைக்கிறது. கனமானவற்றைப் பக்கப் பெட்டிகளில் தாழ வையுங்கள். ஜிஎல்1500-இல் பின் சஸ்பென்ஷனின் காற்று, ஜிஎல்1800-இல் மின்சாரத்தால் இயங்கும் பிரீலோட் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கிவைக்கும் அமைப்பு) ஆகியவை உண்மையில் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் சுவிட்சை அழுத்தினால் எண் மாறும், உள்ளே ஸ்பிரிங் அசையாது. இவை சரியென்றால், பின் டயரின் நடுப்பகுதி தட்டையாகியிருக்கிறதா, ஸ்விங் ஆர்ம் பேரிங்கில் தளர்வு இருக்கிறதா என்று தேடுங்கள்.

வளைவில் சாய மறுக்கிறது, அல்லது திடீரென்று விழுவதுபோல் சாய்கிறது

திடீரென்று சாய்ந்தால் டயர் நடுவில் சதுரமாகத் தேய்ந்துவிட்டது. நேர்ச் சாலையில் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடிய பயண வண்டிக்கு இது இயல்பு. நடுத் தட்டையிலிருந்து ஓரத்துக்கு ஏறும் விளிம்பைத் தாண்டும் கணத்தில் வண்டி சட்டெனச் சரிகிறது. பள்ளத்தின் ஆழம் முன்னால் 1.5 மில்லிமீட்டருக்கும் பின்னால் 2 மில்லிமீட்டருக்கும் கீழே போவதற்குள் மாற்றிவிடுங்கள்.

சாயவே மறுத்து, பிடியை லேசாக்கினால் நிமிர முயன்றால், பின்னால் போய்க் குனிந்து பாருங்கள். கோல்ட் விங்கில் பின்னால் கார் டயர் போட்டு ஓட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு, அதிக காலம் உழைக்கும் என்பதற்காக. மோட்டார் சைக்கிள் டயரின் குறுக்குவெட்டு வளைந்திருக்கும், கார் டயர் தட்டையாக நிலத்தில் படுத்திருக்கும். அளவுக்கு அருகே, இருசக்கர வாகனத்துக்கென்ற 'எம்/சி' குறி இருக்காது. கார் டயரின் பீட், அதாவது ரிம்மில் கவ்விப் பிடிக்கும் விளிம்பு, மோட்டார் சைக்கிள் ரிம்மின் வடிவத்துக்குச் செய்யப்பட்டதல்ல. சாயும்போது டயரின் ஒரு ஓரம் மட்டுமே சாலையைத் தொடும். பல்லாண்டு இப்படியே ஓட்டியவர்கள் இருக்கலாம். ஆனால் பின்னால் இன்னொருவரை உட்காரவைத்து மலைச் சாலையில் இறங்கும் வண்டியில் அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். வாங்கியவுடன் கழற்றுங்கள். கழற்றியபின் ரிம்மின் உள்விளிம்பில் கீறலோ வெடிப்போ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புது டயர் ஏற்றுங்கள்.

பட்டன் புதிதுபோல் இருக்கிறது, ஈரச் சாலையில் மட்டும் வழுக்குகிறது

குறைவாக ஓடிய வண்டி என்று ஆசைப்பட்டு வாங்கியவர்களுக்கு வரும் சிக்கல் இது. ரப்பர் ஓடாமல் நின்றாலும் முதுமையடையும். பக்கச்சுவரில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசியில், நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே முழு வரிசையும் இருக்கும், ஆகவே மறுபக்கமும் தேடுங்கள். மூன்றே இலக்கங்கள் இருந்தால் அது 2000-க்கு முன் செய்த டயர். அந்த டயரோடு வண்டியை வீட்டுக்கு ஓட்டிச் செல்லக்கூட வேண்டாம், ஏற்றிச் செல்லுங்கள்.

ஐந்து ஆண்டுகளைக் கடந்த டயரை ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும், பத்தாண்டுகளுக்குமேல் எந்த நிலையிலும் வைத்திருக்கக் கூடாது என்பது டயர் தயாரிப்பாளர்களின் பொதுவான அறிவுரை. இவ்வளவு கனமான வண்டிக்குப் பத்து வரை காத்திருப்பதை நான் ஏற்க மாட்டேன். நகத்தால் அழுத்தினால் பதியாத அளவு இறுகிய ரப்பர், பள்ளங்களின் அடியில் மயிரிழை வெடிப்புகள் ஆகியவை கண்ணில் பட்டால் தேதி எதுவானாலும் மாற்றுங்கள்.

காற்று மெல்ல இறங்குகிறது, ஆணி எதுவும் இல்லை

வால்வுத் தண்டை விரலால் சாய்த்துப் பாருங்கள். அடியில் ரப்பர் வெடித்திருக்கும். ஒவ்வொரு டயர் மாற்றத்தின்போதும் வால்வையும் மாற்றுவதே முறை. சில மேல்நிலை மாடல்களில் சக்கரத்துக்குள் காற்றழுத்த உணரி இருக்கும். டயர் கழற்றுபவரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நெம்புகோல் பட்டால் உடையும். கம்பிச் சக்கரம் போட்ட ஆரம்பகால ஜிஎல்1000-க்கு டியூப் தேவை. ஹோண்டாவின் தகட்டு ஆரச் சக்கரம் போட்ட பழைய வண்டிகளில், ரிம்மில் 'டியூப்லெஸ்' என்ற சொல் இல்லாவிட்டால் டியூப் இல்லாமல் ஓட்ட வேண்டாம்.

சிறு தூரம் ஓட்டியதும் பின் சக்கரம் கொதிக்கிறது

இதை டயர்ச் சிக்கலாக நினைத்து டயர் மாற்றுவது வீண். பின் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. 2001 முதல் 2010 வரையிலான ஜிஎல்1800 வண்டிகளுக்கு, இரண்டாம் மாஸ்டர் சிலிண்டரில் (பிரேக் திரவத்தை அழுத்தித் தள்ளும் பாகம்) ஏற்படும் இந்தக் குறைக்காகவே ஹோண்டா 2011-இல் திரும்ப அழைப்பு அறிவித்தது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, அந்த வேலை உங்கள் வண்டிக்கு முடிந்திருக்கிறதா என்று அதிகாரபூர்வ சர்வீஸ் நிலையத்தில் கேளுங்கள். அதுவரை ஓட்ட வேண்டாம்.

வாங்கும்போது, மாட்டியபின்

அளவுக்குப் பின்னால் வரும் எண்ணை யாரும் பார்ப்பதில்லை. ஜிஎல்1800-இன் முன் டயரில் 63எச், பின் டயரில் 74எச் என்பது தொடக்கத்தில் வந்த தரம். 63 என்றால் 272 கிலோ, 74 என்றால் 375 கிலோ தாங்கும். எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர். இரண்டு டயர்களும் சேர்ந்து 647 கிலோ. எரிபொருள் நிரப்பிய வண்டியே 400 கிலோவைத் தாண்டும். இருவர் ஏறி, மூன்று பெட்டிகளையும் நிரப்பினால் 600-ஐத் தொட்டுவிடும். மிச்சம் இருக்கும் இடைவெளி மிகக் குறைவு. அளவு ஒத்துப்போனாலும் இந்த எண் குறைவாக உள்ள டயரை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கக் கூடாது. கூடுதலாக இருந்தால் தவறில்லை.

பக்கச்சுவரில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். கடையை விட்டு வண்டியை எடுக்கும் முன் இரண்டு சக்கரங்களிலும் நீங்களே குனிந்து பாருங்கள். ஜிஎல்1800-இன் பின் சக்கர நட்டுகளை ஒன்றுக்கொன்று எதிரெதிராக, டார்க் ரென்ச்சால், கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். புதிய ரப்பரின் மேற்பரப்பு வழுக்கும். முதல் 150 கிலோமீட்டருக்குத் திடீர் பிரேக்கும் ஆழ்ந்த சாய்வும் தவிர்த்து, சாய்வைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். அதன்பிறகு ஒரு காலைப் பொழுதில், வண்டியை எடுக்கும் முன், இரண்டு டயர்களிலும் காற்றை அளந்து, பின் சக்கர நட்டுகளின் இறுக்கத்தை இன்னொரு முறை சரிபாருங்கள்.